சிதம்பரம் என்றொரு கப்பல்

டைட்டானிக் எந்த ஆண்டு மூழ்கியது என்று ஐரோப்பாவில் வளரும் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் 1912 என்று பட்டென்று பதில் வரும். பனிப்பாறை, போதாத உயிர்காப்புப் படகுகள், கடைசிவரை வாசித்த இசைக்குழு எல்லாம் அத்துப்படி. அதே பிள்ளையிடம் "சிதம்பரம் எரிந்தது எந்த ஆண்டு?" என்று கேட்டுப் பாருங்கள். கோயிலா எரிந்தது என்று திருப்பிக் கேட்கும்.

எரிந்தது கப்பல். எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரி 12-ம் தேதி, சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது வங்காள விரிகுடாவில் தீப்பிடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை. ஆனால் அதன் பிறகு அது பயணிகளை ஏற்றவும் இல்லை. பழுது பார்க்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று உடைக்க விற்றுவிட்டார்கள். அதோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக ஓடிய பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோனது.

நாற்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. வெளிநாட்டுக்குப் போன தமிழர்களின் கதையை எழுதுகிறவர்கள் தோட்டக்காட்டை எழுதுகிறார்கள், ரயில் பாதையை எழுதுகிறார்கள், அகதி முகாமை எழுதுகிறார்கள். இந்தக் கப்பல் மட்டும் எப்படியோ நழுவிப் போய்விட்டது.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். மெக்கானிக்கல் படித்துவிட்டு, எல்லாரையும் போல கணினிக்குத் தாவி, இப்போது ஜெர்மனியில் ஹம் நகரத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் 'கப்பல்' என்று சொன்னால் அது பொதுச்சொல் கிடையாது. "மாமா கப்பலுக்குப் போயிருக்கார்", "கப்பல் வந்தாத்தான் கல்யாணம்", "கப்பல்காரங்க வீடு" என்பார்கள். நாகூர், காரைக்கால் முஸ்லிம் தெருக்களில் வெளிநாட்டில் சம்பாதிப்பவருக்கு 'சபராளி' என்றே பெயர். அந்தக் கப்பல், ஒரு காலம் வரைக்கும் ரஜுலா. பிறகு சிதம்பரம்.

ரஜுலா 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. ஏறக்குறைய 47 ஆண்டுகள், நடுவில் போர்க்காலம் போக, சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டே இருந்தது. மேல்தளப் பயணிகள் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றலாம் என்று ஒரு காலத்தில் அதற்கு அனுமதியே கொடுத்திருந்தார்கள். ஐயாயிரம்! பாய் விரித்த இடம்தான் இருக்கை, படுக்கை, சாப்பாட்டு மேசை எல்லாம். அதோடு பிறந்த கப்பல் ரோனா. அதற்கு நேர்ந்தது வேறு. 1943 நவம்பர் 26-ம் தேதி அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு அல்ஜீரியக் கரையை ஒட்டிப் போனபோது, ஜெர்மன் விமானம் ஒன்று வானொலி அலையால் வழிகாட்டிய குண்டை அதன்மேல் இறக்கியது. எரிந்து மூழ்கியது. 1,100 பேருக்கு மேல் பலி. இந்திய மாலுமிகளும் அதில் உண்டு. நம் சனங்களைச் சுமக்கக் கட்டிய கப்பலை, ஹென்ஷெல் என்ற கம்பெனி செய்த உலகின் முதல் வழிகாட்டு ஆயுதங்களில் ஒன்று கொன்றது. ஜெர்மனியில் பொறியாளர் வேலை பார்க்கிறவனுக்கு இந்தத் தகவல் கொஞ்சம் நெருடத்தான் செய்யும்.

சிதம்பரமும் நமக்கென்று கட்டிய கப்பல் இல்லை. 1966-ல் பிரான்சின் டன்கிர்க்கில், மெசாஜெரி மாரித்தீம் என்ற பழைய பிரெஞ்சுக் கப்பல் கம்பெனிக்காகக் கட்டியது. அப்போது அதன் பெயர் 'பாஸ்டர்'. வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தாரே, அவர் பெயர்தான். ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு ஓடியது. ஜெட் விமானம் பெருகியதும் அந்த வழியில் ஆள் குறைந்தது. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, பெயரை மாற்றி, அடுக்குக் கட்டில்களைப் போட்டு, 1973-லிருந்து நம் வழியில் விட்டது. 17,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல். முதல் வகுப்பில் கொஞ்சப் பேர். மீதி ஆயிரத்துச் சொச்சம் பேர் 'பங்க்' வகுப்பு. ரஜுலாவில் பாய் விரித்தவர்களுக்கு அடுக்குக் கட்டிலே பெரிய உயர்வு.

என் அம்மாவின் தாய்மாமா பினாங்கில் கடை வேலை பார்த்தவர். மூன்று நான்கு தடவை அதில் போய்வந்திருக்கிறார். நாகையில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். "கடல் பொங்கி நின்னா பொம்பளைங்க அழுவாங்கடா. ஏறி முடிச்சதும் அதே பொம்பளைங்க சிரிச்சுக்கிட்டு புளிச்சோறு பொட்டலத்தைப் பிரிப்பாங்க" என்பார். திரும்பி வரும்போது டிரங்குப் பெட்டி, கோடாலித் தைலம், கைலி, போர்வை, 'டூ இன் ஒன்' டேப் ரிக்கார்டர். ஒரு வீட்டில் புதுப் பொருள் எது இருந்தாலும் அதற்கு 'கப்பல் சாமான்' என்றே பெயர். விமானத்தில் அத்தனை பெட்டி கொண்டுவர முடியாது. முடிந்தாலும் காசு கட்டாது. 1985-லும் அந்தக் கப்பலில் போனவர்கள் யார் என்பதற்கு இதுதான் பதில்: விமானத்துக்குக் கொடுக்க முடியாதவர்கள், அல்லது அந்தக் காசுக்கு இன்னொரு பெட்டி சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர்கள்.

ஹம்மில் கேட்ட கதை

ஹம்மின் ஊன்ட்ரோப் பகுதியில் தொழிற்பேட்டைக்கு நடுவே ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில். தேர்த் திருவிழா அன்று ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். அம்பாளுக்குத் தீர்த்தம் கால்வாயில். நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் அங்கே பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். நாகப்பட்டினம் என்று சொன்னதும் ஒரு வேலணைக்காரப் பெரியவர், பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "அப்ப உங்களுக்கு சிதம்பரம் கப்பல் தெரிஞ்சிருக்குமே, தம்பி?"

உங்களுக்கு எப்படி ஐயா தெரியும் என்றேன்.

"நாங்கள் அதிலதானே காங்கேசன்துறைக்குப் போனனாங்கள். எண்பத்து மூண்டில."

1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து, கொழும்பில் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் விமான நிலையத்துக் கொட்டகையிலும் ஒதுங்கிய தமிழர்களைக் கடல் வழியாக வடக்கே கொண்டுபோன கப்பல்களில் சிதம்பரமும் ஒன்று. சிங்கப்பூருக்குப் போகிற கப்பல் கொஞ்ச நாள் அகதிக் கப்பல் ஆனது. அந்தப் பெரியவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கையில் ஒரு துவாய், அதில் சுற்றிய பள்ளிச் சான்றிதழ். கப்பலில் ஏறியதும் தேத்தண்ணி கொடுத்தார்களாம். "அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சாப் பிறகுதான் தம்பி எனக்கு அழுகை வந்தது." அந்தக் கப்பல் பிறகு எரிந்துபோனது என்று நான் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சனத்தோடயோ?" என்றார். ஆம் என்றேன்.

என் ஊர்க்காரனுக்கு அது பினாங்குக் கப்பல். அவருக்கு அது உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல். இரண்டு கரைத் தமிழர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். ஹம்மில் கால்வாய்க் கரையில் நின்று பேசும்போதுதான் அந்தக் கணக்கு ஒன்றாகச் சேர்ந்தது.

கடலில் தீ ஏன் இவ்வளவு கொடியது

சுற்றிலும் தண்ணீர், அப்புறம் தீயை அணைக்க என்ன கஷ்டம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கப்பல் ஒரு எஃகுப் பெட்டி. ஓர் அறையில் எரியும் சூடு சுவர் வழியாக அடுத்த அறைக்குப் போகும். அங்கே சுவரை ஒட்டிக் கிடக்கும் மெத்தையும் பெயின்டும் தீயைத் தொடாமலே பற்றிக்கொள்ளும். படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும். கீழே இருப்பவர் தப்பிக்க மேலே ஓடுவார், புகையும் அதே வழியில் மேலே போகும். இயந்திர அறையில் தீ என்றால் முதலில் போவது மின்சாரம். மின்சாரம் போனால் விளக்கு, காற்று, பம்பு, ஒலிபெருக்கி எல்லாம் போகும். இருட்டில், புகையில், தெரியாத மொழியில் யாரோ கத்த, ஆயிரம் பேர் வழி தேட வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரே எமன் ஆகும். 1942-ல் நியூயார்க் துறையில் கட்டியிருந்த நார்மண்டி என்ற மாபெரும் பிரெஞ்சுக் கப்பல் தீப்பிடித்தபோது, அணைக்க ஊற்றிய தண்ணீரின் எடையில் அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. இயந்திர அறையை மூடி கார்பன் டை ஆக்ஸைடைத் திறந்துவிடலாம். தீ அணையும். உள்ளே மாட்டிக்கொண்ட ஆளும் அணைந்துபோவான். அதனால் ஆட்களை எண்ணி வெளியேற்றிய பிறகே திறக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும் நிமிடங்களில் தீ வளரும். அந்த நேரத்தில் தலைமைப் பொறியாளராக இருப்பவரின் மனநிலையை நான் கற்பனை செய்து பார்த்ததுண்டு. எங்கள் துறையில் சர்வர் விழுந்தாலே கை நடுங்குகிறது.

பெரும்பாலும் கொல்வது தீ இல்லை, புகை. 1990 ஏப்ரல் 7-ம் தேதி ஒஸ்லோவிலிருந்து டென்மார்க் போன ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் 159 பேர் இறந்தார்கள். பலர் தங்கள் அறையிலும் நடைவழியிலும் மூச்சடைத்தே போனார்கள். சுவரை அலங்கரித்த பிளாஸ்டிக் தகடு எரிந்து சயனைடு வாயுவைக் கக்கியது. சிப்பந்திகள் புதியவர்கள், பொதுமொழி இல்லை, கப்பலே அவர்களுக்குப் பழக்கம் இல்லை. அதன் பிறகு 1992-ல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளைத் திருத்தினார்கள். புகை உணர்விகள், தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள், வெளியேறும் வழியைத் தரையோரம் காட்டும் விளக்குகள் எல்லாம் பழைய பயணிகள் கப்பல்களுக்கும் படிப்படியாகக் கட்டாயம் ஆயின. இன்று நீங்கள் கீல் துறையிலோ ஹம்பர்க்கிலோ குடும்பத்தோடு ஏறும் உல்லாசக் கப்பலில் தரையோரம் மின்னும் அந்தப் பச்சை வழிக்கோடு, அந்த 159 பேர் போட்ட கோடு. (கப்பல் புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகாமல் பபேயில் வரிசை பிடிக்கிற நம்மவர்களை எனக்குத் தெரியும். போய்விட்டு வாருங்கள், சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது.)

இதே வழியில் நடந்த இன்னொரு தீயையும் சொல்லவேண்டும். 1999 மே 20-ம் தேதி, சன் விஸ்டா என்ற உல்லாசக் கப்பல், மலாக்கா நீரிணையில், பினாங்குக்குத் தெற்கே, இயந்திர அறையில் தீப்பிடித்தது. மறுநாள் விடியும் முன் மூழ்கியே போனது. அதிலிருந்த பயணிகளும் சிப்பந்திகளுமாக 1,100 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கப்பல் முழுதாகப் போனது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. சிதம்பரத்தில் கப்பல் மிதந்தது, நாற்பது பேர் போனார்கள். நடுவில் பதினான்கு வருஷம். விதிகள் மாறின, காலம் மாறியது, ஏறிய ஆட்களின் வசதியும் மாறியது.

ஏன் மறந்தோம்?

ஒரு காரணம், கப்பல் மூழ்காததுதான். மூழ்கிய கப்பலுக்குக் கதை உண்டு, படம் உண்டு. புகையேறிய உடம்போடு வந்து சேர்ந்து, சத்தமில்லாமல் உடைபடப் போன கப்பலுக்கு என்ன உண்டு?

இன்னொன்று காலம். இந்திரா காந்தி கொலை 1984 அக்டோபரில். போபாலில் விஷவாயு டிசம்பரில். அதற்குப் பத்து வாரம் கழித்து சிதம்பரம். நான்கு மாதத்தில் ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் 329 பேர். இலங்கையிலோ அந்த வருஷம் பூராவும் சாவுச் செய்திகள். இத்தனைக்கும் நடுவில் நாற்பது என்பது சின்ன எண்ணாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் இந்தச் சமாதானத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே 1985-ல், மே 15-ம் தேதி, குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களை நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் அதே நாளில் கூடி நினைக்கிறார்கள். அந்தத் தீவுக்கு அவர்கள் பெயர் தெரியும், குடும்பம் தெரியும். ஒரே தீவு, ஒரே படகு. சிதம்பரத்தில் இருந்தவர்களோ பல ஊர். நாகூர், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறியவர்கள். எல்லாருக்கும் பொதுவான கப்பல், அதனாலேயே யாருக்கும் சொந்தமில்லாத துக்கம். புலம்பெயர்ந்தவர்களின் சாவுக்கே உரிய கோளாறு இது. புறப்பட்ட ஊர், போய்ச் சேரவேண்டிய ஊரின் பொறுப்பு என்று நினைக்கும். அந்த ஊர் இந்த ஊரைக் கைகாட்டும்.

நான் குடியிருக்கும் ஹம்மைப் பார்க்கிறேன். 1908 நவம்பர் 12-ம் தேதி விடியற்காலை, ராட்போட் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்துத் தீப்பிடித்தது. சுமார் 350 தொழிலாளர்கள் இறந்தார்கள். தீயை அணைக்கச் சுரங்கத்தையே தண்ணீரால் நிரப்பினார்கள், உள்ளே ஆட்கள் கிடக்கும்போதே. சுரங்கம் 1990-ல் மூடிவிட்டது. அதன் இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. பொக்கும்-ஹோவல் பகுதியில் அந்தத் தொழிலாளர்களின் இடுகாடும் நினைவுச்சின்னமும் இருக்கின்றன. கோயிலிலிருந்து காரில் போனால் அதிக நேரம் ஆகாது. நம்மவர்கள் எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பார்கள் தெரியாது, ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

ஜெர்மானியர்களுக்கும் ஒரு சிதம்பரம் உண்டு. 1858 செப்டம்பரில் ஹம்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்கப் போன குடியேறிகளை ஏற்றிய 'ஆஸ்திரியா' என்ற நீராவிக் கப்பல் நடு அட்லாண்டிக்கில் எரிந்தது. கீழ்த்தளத்துக் காற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று, பழுக்கக் காய்ச்சிய சங்கிலியைத் தாரில் முக்கிப் புகை போட்டிருக்கிறார்கள். சங்கிலி கை நழுவித் தார் கொட்டியது. 450 பேர் வரை செத்தார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: 1850 முதல் 1934 வரை ஹம்பர்க்கில் கப்பல் ஏறியவர்களின் பெயர்ப் பட்டியல்கள் இன்றும் அந்நகர ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெயர், ஊர், வயது, தொழில். அமெரிக்காவில் இருக்கும் ஐந்தாம் தலைமுறைப் பேத்தி தன் பாட்டன் ஏறிய கப்பலைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

சிதம்பரம் என்று இணையத்தில் தேடினால் வருவது கப்பலின் நீளம், எடை, கட்டிய தளம், பழைய பிரெஞ்சுப் படங்கள். கப்பல் ஆர்வலர்கள் ஆசையாகத் தொகுத்தவை. செத்தவர்கள் 'சுமார் 40' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறார்கள். ஒரு டன் எடைக்குக் கிடைக்கும் துல்லியம் ஓர் உயிருக்கு இல்லை. அந்தச் 'சுமார்' எனக்கு உறுத்துகிறது.

கப்பல் அரசு நிறுவனத்தினுடையது. டிக்கெட் வாங்காமல் யாரும் ஏறவில்லை, பாஸ்போர்ட் காட்டாமல் யாரும் இறங்கவில்லை. அப்படியென்றால் பெயர்கள் காகிதத்தில் ஏறியவை. அந்தக் காகிதத்தைப் பொதுவில் வையுங்கள் என்று இந்தியக் கப்பல் கழகத்தைத் தமிழ்நாடு அரசின் வெளிநாடுவாழ் தமிழர் துறை கேட்கலாம். நாகை கடற்கரையில் ஒரு கல் வைக்கலாம். 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' கிளம்பியபோதும், நின்றுபோய் 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' மறுபடி தொடங்கியபோதும் 'பழைய கடல் வழி திரும்புகிறது' என்று மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். சிதம்பரத்தையும் அதில் செத்தவர்களையும் பற்றி அந்த மேடையில் ஒருவர் இரண்டு வாக்கியம் பேசியிருக்கலாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1985 பிப்ரவரியில் சென்னையில் தினத்தந்தியும் தினமணியும், கோலாலம்பூரில் தமிழ் நேசனும், சிங்கப்பூரில் தமிழ் முரசும் வந்துகொண்டிருந்தன. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவத்தில் வைத்திருக்கிறது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளை, 13-ம் தேதியிலிருந்து ஒரு வாரத்துப் பக்கங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம். பள்ளியில் வரலாற்றுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் டைட்டானிக்கை விட்டுவிட்டு இதை எழுதட்டும். ஆசிரியருக்கும் புதிதாக இருக்கும்.

உங்கள் வீட்டில் கப்பலில் போன ஒரு பெரியவர் இன்னும் இருந்தால், போனில் பேசும்போது 'சாப்பிட்டீங்களா' என்பதற்குப் பிறகு இதையும் கேளுங்கள். எந்த வருஷம், எந்தக் கப்பல், பக்கத்துக் கட்டிலில் யார். பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டி கிடந்தால் திறந்து பாருங்கள். பாஸ்போர்ட்டில் பினாங்கு முத்திரையும், மூடியின் உள்பக்கம் கப்பல் சீட்டும் ஒட்டியிருக்கும். என் மாமாவின் பெட்டியில் இருந்தது. மை பாதி அழிந்துவிட்டது, 'சிதம்பரம்' என்ற பெயர் மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.